பார்த்ததைச் சொல்லுங்க, விழுந்ததைச் சொல்லாதீங்க

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, சோம்பேறித்தனத்தால தள்ளிப்போட்ட பதிவு இது. கொஞ்சம் நீளம். டீ, காபி எதாவது எடுத்துக்கிட்டு உட்காருங்க.

2023 டிசம்பர் 14, விடிகாலை மூணே முக்காலுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி. எங்க வீட்டு மொட்டைமாடி. ஜெமினிட்ஸ் எரிகல் பொழிவு உச்சத்தில் இருக்கும் இரவு. ரெண்டு நாள் முன்னாடிதான் அமாவாசை போயிருந்தது. நிலா வெளிச்சத் தொந்தரவு கிடையாது. அந்த மாசம் மழை படுத்திய பாட்டில் வானம் திறக்குமான்னே சந்தேகமா இருந்தது, ஆனா நடுராத்திரிக்கு அப்புறம் மேகம் விலகி சும்மா கழுவி வெச்ச மாதிரி வானம். பாய் விரிச்சு நானும், என் பொண்ணும், பக்கத்து வீட்டுத் தமிழய்யாவும் (ஓய்வு பெற்றவர், தூக்கம் வராதவர்) படுத்துக்கிட்டு எண்ணிக்கிட்டிருந்தோம். நாற்பத்தி ஒண்ணு, நாற்பத்தி ரெண்டு...

அப்ப வந்தது பாருங்க ஒண்ணு. சுவத்துல எங்க நிழல் ஓடிச்சு. அவ்வளவுதான் சொல்ல முடியும். தெரு நாய் ரெண்டு குலைச்சது. கீழே சைக்கிளில் பால் கேனோட போய்க்கிட்டிருந்த பால்காரர் "யம்மாடியோவ்"னு பிரேக் போட்டது எனக்குக் கேட்டுச்சு.

இப்ப நடந்ததைச் சொல்றேன். ஒரு நிமிஷம்கூட ஆகலை, நாலு பேரும் நாலு கதை சொல்றோம். நான் சொல்றேன் பச்சை நிறம். தமிழய்யா சொல்றார், "தம்பி, அது நல்ல நீலம்." பொண்ணு சொல்றா, "அப்பா, கடைசியில ரெண்டா உடைஞ்சது, நீ பாக்கலையா?" நான் பாக்கலை. உச்சியில ஆரம்பிச்சப்ப வாயைப் பொளந்துட்டு எழுந்து உட்கார்ந்ததில் கடைசிப் பகுதியை விட்டுட்டேன். பால்காரரோ எல்லாத்துக்கும் மேல: "சார், நம்ம ரைஸ்மில்லுக்குப் பின்னாடி கண்மாய்க்குள்ள விழுந்துருச்சு சார். நான் பார்த்தேன்." சொன்னதோட விடலை மனுஷன். பாலை விட்டுட்டு கண்மாய்க்கரை வரைக்கும் போய்ட்டுத்தான் வந்தார். அன்னைக்குத் தெருவுல பாதி வீட்டுக்குக் காபி லேட்டு.

பால்காரரைக் கேலி பண்றதுக்காக இதை எழுதலை. அதைத்தான் கடைசி வரைக்கும் சொல்லப் போறேன். அவர் பார்த்தது நூத்துக்கு நூறு உண்மை. ஒளி ரைஸ்மில் கூரைக்கு மேலே, வடமேற்கில் போய் மறைஞ்சது. அது வரைக்கும் சாட்சி சுத்தம். "கண்மாய்க்குள்ள விழுந்தது"ங்கறதுதான் கண்ணு சொன்னதில்லை, வாய் சேர்த்தது. ஜெமினிட்ஸ் துணுக்குகள் நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே வருது. ரொம்பப் பெரிய வெளிச்சம் காட்டுறதும்கூட நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் உயரத்திலேயே எரிஞ்சு அடங்கிடும். நாற்பது கிலோமீட்டர் உயரத்தில் அணைஞ்ச ஒரு வெளிச்சம், உங்க கண்ணுக்கு ரைஸ்மில் கூரை உயரத்தில் (அடிவானத்திலிருந்து பத்து டிகிரின்னு வைங்க) தெரியணும்னா, அது உங்ககிட்டேயிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கணும். எங்க ஊர் சிவகங்கைப் பக்கம். வடமேற்கே இருநூறு கிலோமீட்டர்னா கோயம்புத்தூர்! கோயம்புத்தூருக்கு மேலே ஆகாசத்தில் அணைஞ்சதை நம்ம கண்மாயில் தேடியிருக்கார். உலகம் பூரா இதே கதைதான். யாரைக் கேட்டாலும் "அந்தத் தோப்புக்குப் பின்னாடி", "அந்த மலைக்கு அந்தாண்டை". இருட்டு வானத்துல தூரத்தை அளக்க நம்ம கண்ணுக்கு வழியே கிடையாது. பக்கத்தில் போகும் சின்னப் பொறியும், எங்கேயோ போகும் பெரிய நெருப்பும் அதுக்கு ஒண்ணுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். மன்னிக்கவும்.

எங்க அத்தை ஒருத்தங்க. அப்பாவோட அக்கா. நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் ரெண்டாம் வருஷம் படிச்சுக்கிட்டிருந்த நேரம், லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சாயந்திரம் திண்ணையில உட்கார்ந்து ஹாலி வால்நட்சத்திரம் பத்தி அளந்து விட்டுக்கிட்டிருந்தேன். அத்தை மெதுவா ஆரம்பிச்சாங்க. "ராசா, நான்கூட ஒண்ணு பார்த்தேன். களத்துல நெல்லுக்குக் காவல் படுத்திருந்தேன். ராத்திரி பகலாப் போச்சு. வைக்கோல் போர் நிழல் அப்படியே சுத்திச்சு. அது போறப்பவே காதுகிட்ட ஸ்ஸ்ஸ்ஸ்னு... தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சாப்புல கேட்டுச்சு."

நான் என்ன பண்ணினேன்? எந்த வருஷம் அத்தை, எந்த மாசம், எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம்னு ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. சிரிச்சேன். சிலேட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். அது இருக்கிறது எண்பது கிலோமீட்டர் உயரத்தில். சத்தம் நொடிக்கு 340 மீட்டர்தான் ஓடும். உங்க காதுக்கு வந்து சேர நாலு நிமிஷம் ஆகும். வெளிச்சமும் சத்தமும் ஒண்ணா வரவே வராது, நீங்க கற்பனை பண்ணிக்கிட்டீங்க அத்தை. திண்ணையில இருந்த சித்தப்பா, அண்ணன்மார் எல்லாரும் சேர்ந்து சிரிச்சாங்க. அத்தையும் சிரிச்சாங்க. "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு எழுந்து உள்ளே போய்ட்டாங்க.

அதுக்கப்புறம் அவங்க அதைப் பத்தி என்கிட்ட பேசவே இல்லை. எங்க ஊர்ப் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு, எரிநட்சத்திரம் விழுறதைப் பார்த்தா யார்கிட்டயும் சொல்லக்கூடாது, பச்சை மரத்தைப் பார்த்துட்டுப் பேசாமப் படுத்துக்கணும்னு. அதையும் மீறி அத்தை எனக்குச் சொன்னாங்க, படிக்கிற பையனாச்சேன்னு. சொன்னதுக்குக் கிடைச்சது அந்தச் சிரிப்பு.

நிற்க.

நான் அன்னைக்குப் போட்ட கணக்கில் தப்பு இல்லை. அதுதான் கொடுமை. எனக்கு 270 வருஷம் முன்னாடியே அதே கணக்கைப் போட்டவர் எட்மண்ட் ஹாலி. ஆமா, அதே வால்நட்சத்திர ஹாலிதான். 1719-ல் இங்கிலாந்து மேலே ஒரு பெரிய நெருப்புக்கோளம் போச்சு. பல ஊர்க்காரங்க பார்த்ததைத் திரட்டி, அது அறுபது மைலுக்கும் மேலே போனதுன்னு ஹாலி கணக்குப் போட்டார். அருமையான வேலை. ஆனா அதே சாட்சிகளில் சிலர் "போறப்பவே சீறுற சத்தம் கேட்டுச்சு"ன்னு சொன்னதை மட்டும் மனப்பிரமைன்னு ஒதுக்கிட்டார். அவங்க கண்ணை நம்பினார், காதை நம்பலை.

அதுக்கப்புறமும் ஜனங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்க. வேற வேற நாடு, வேற வேற மொழி, ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. சீறல், படபடப்பு, எண்ணெய்ல கடுகு வெடிக்கிற மாதிரி. எல்லாம் வெளிச்சம் தெரியும்போதே. 1978-ல் ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மேலே ஒரு பெரிய நெருப்புக்கோளம் போனப்பவும் இதே மாதிரி சாட்சிகள். காலின் கீய் என்ற இயற்பியலாளர்தான் இதை ஒதுக்காம எடுத்துக்கிட்டு உட்கார்ந்தார். 1980-ல் அவர் சொன்ன விளக்கம்: அந்தக் கோளத்தின் பின்னால் இருக்கும் கொந்தளிப்பான வால் மிகத் தாழ்ந்த அதிர்வெண் ரேடியோ அலைகளை வெளியிடலாம். ரேடியோ அலை ஒளி வேகத்தில் வந்துடும். பார்க்கிறவர் பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு பொருள், தலைமுடியோ, மூக்குக்கண்ணாடியோ, காய்ஞ்ச இலையோ, அதனால் அதிர்ந்து சத்தம் போடலாம். அதாவது சத்தம் பிறக்கிற இடம் ஆகாசம் இல்லை, உங்க காதுகிட்டேயே. 2017-ல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்துக்காரங்க இன்னொரு வழி சொன்னாங்க. நெருப்புக்கோளம் ஒரே சீரா எரியறதில்லை, படு வேகமா மினுக்கி மினுக்கி எரியுது. முழு நிலா அளவுக்குப் பிரகாசமா இருந்தா, அந்த மினுக்கல் வெளிச்சம் முடி, புல், இலை, கறுப்புத் துணி மேலே பட்டு அதைச் சூடாக்கி ஆற்றி, ஒட்டியிருக்கிற காற்றை அதிரவைக்கும். காதுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தம் வருதுன்னு சோதனை செஞ்சும் காட்டினாங்க.

ரெண்டில் எது சரின்னு இன்னும் முடிவாகலை. ரெண்டும் சரியா இருக்கலாம். ஆனா வைக்கோல் போர் பக்கத்தில் படுத்திருந்த ஒரு பொம்பளை, வைக்கோல் நிழல் சுத்துற அளவுக்கு வெளிச்சத்தைப் பார்த்தப்ப, காதுகிட்ட ஸ்ஸ்ஸ்னு கேட்டுச்சுன்னு சொன்னது கற்பனைன்னு சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லைன்னு மட்டும் முடிவாயிடுச்சு. அந்த 2017 கட்டுரையை ஆபீஸ்ல மதிய சாப்பாட்டு நேரத்தில் படிச்சேன். டிபன் பாக்ஸை மூடி வெச்சுட்டேன். அத்தை 2009-லயே போய்ச் சேர்ந்துட்டாங்க.

சொல்ல வர்றது இதுதான். வானத்தைப் பத்தின அறிவு பாதிக்கு மேல, சாதாரண ஜனங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டதில் இருந்து வந்தது. சிரிச்சவங்களால அது தள்ளித்தான் போயிருக்கு.

நம்பலைன்னா கல் விழுந்த கதையைப் பாருங்க. ஆகாசத்திலிருந்து கல் விழும்னு உலகம் பூராக் குடியானவங்களுக்குத் தெரியும். 1700-களில் படிச்சவங்களுக்கு மட்டும் தெரியாது. பிரான்ஸில் லூசே என்ற ஊரில் 1768-ல் ஒரு கல் விழுந்தது. வயலில் வேலை செஞ்சவங்க கண்ணால பார்த்தாங்க. பாரிஸ் அறிவியல் கழகம் அதை ஆராய்ஞ்சு, இது பூமியிலேயே கிடந்த கல், மின்னல் தாக்கியிருக்குன்னு எழுதிக் கொடுத்தது. எழுதினவர்களில் ஒருவர் லவாய்சியே. நவீன வேதியியலின் தந்தைன்னு நாம பாடத்தில் படிச்ச அதே ஆள். 1790-ல் பார்போத்தான் பக்கம் கல்மழை. இந்தத் தடவை ஊர்க்காரங்க உஷார். மேயரும் கிட்டத்தட்ட முந்நூறு பேரும் சேர்ந்து பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாங்க. பதிலுக்கு என்ன கிடைச்சது? ஒரு நகராட்சியே சேர்ந்து நாட்டுப்புறக் கதைக்குச் சான்றிதழ் கொடுக்குதேன்னு பெர்த்தலோன் என்ற அறிஞர் எழுதிப் பரிகாசம் பண்ணினார். எங்க வீட்டுத் திண்ணை மாதிரியே!

இதைத் திருப்பினதில் முதல் ஆள் ஜெர்மன்காரர் கிளாட்னி. அடிப்படையில் சட்டம் படிச்சவர். நூலகத்தில் உட்கார்ந்து நூற்றாண்டுக் கணக்கான நெருப்புக்கோள, கல்விழுந்த சாட்சியங்களைத் திரட்டினார். ஒருத்தரை ஒருத்தர் அறியாத இத்தனை சாட்சிகள் ஒரே மாதிரி சொன்னா, கோர்ட்டுல என்ன செய்வாங்க? நம்புவாங்க. 1794-ல் புத்தகமாவே போட்டுட்டார், கல் விண்வெளியிலிருந்துதான் வருதுன்னு. அப்பவும் சிரிச்சாங்க.

அப்புறம் 1803 ஏப்ரல் 26, பட்டப்பகல் ஒரு மணி வாக்கில், நார்மண்டியில் லேகிள் ஊர்ப்பக்கம் ஆயிரக்கணக்கில் கல் கொட்டுச்சு. அரசாங்கம் ழான் பாப்டிஸ்ட் பியோ என்ற இருபத்தொன்பது வயசுப் பையனை விசாரிக்க அனுப்பியது. இந்தப் பியோவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நேரா கல் விழுந்த ஊருக்குப் போகலை. தொலைவில் இருந்து ஆரம்பிச்சார். வழியில் வண்டிக்காரன், பாதிரியார், குடியானவங்கன்னு பார்க்கிற எல்லாரையும் கேட்டார். சத்தம் கேட்டதா? எந்தப் பக்கம்? எத்தனை நேரம்? அப்படியே உள்ளே உள்ளே வந்து, கிராமம் கிராமமா நடந்து, கல் கிடைச்ச இடத்தையெல்லாம் வரைபடத்தில் குறிச்சார். ஒரு நீள்வட்டம் வந்தது. கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர் நீளம், நாலு கிலோமீட்டர் அகலம். அந்தப் பகுதியில் அது மாதிரிக் கல் முன்னாடி கிடையாது, அப்படிக் கல்லைச் செய்யற பட்டறையும் கிடையாதுன்னு அதையும் விசாரிச்சு எழுதினார். அறிக்கை வந்த பிறகு சிரிப்பு நின்னுடுச்சு. பியோ புதுசா ஒரு கருவியும் கண்டுபிடிக்கலை. ஜனங்களை மரியாதையாக் கேட்டார், அவ்வளவுதான். நான் திண்ணையில் செய்யாத வேலை.

அன்னைக்கு டிசம்பர் விடிகாலைக்கு வர்றேன். மாடியிலிருந்து இறங்கி காபி குடிக்கும்போது (எங்க வீட்டுக்குப் பால் வந்துடுச்சு) தமிழய்யா திடீர்னு கேட்டார். "தம்பி, புறநானூறு 229 படிச்சிருக்கீங்களா?" இல்லைன்னேன். "கூடலூர் கிழார் எழுதினது. எரிமீன் விழுந்ததைப் பார்த்துட்டு எழுதின பாட்டு."

சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தப்ப பாடினது. வானத்திலிருந்து ஒரு மீன் விழுந்ததைப் பார்த்து ராஜாவுக்கு ஏதோ ஆகப்போகுதுன்னு பயந்தோம், ஏழாம் நாள் அவர் போயே போய்ட்டார்ங்கறது பாட்டு. சகுனம் அது இதுன்னு தள்ளிடாதீங்க. அதுல இருக்கிற விவரத்தைப் பாருங்க. பங்குனி மாசம், முதல் பாதி. நடு ராத்திரி. உத்தர நட்சத்திரம் உச்சியிலிருந்து சாயுது. அதுக்கு எதிரா மூலம் எழுந்து வருது. மிருகசீரிடம் மறையற இடத்துக்குப் போயிருச்சு. அப்ப ஒரு மீன், கிழக்கேயும் போகாம, வடக்கேயும் போகாம, காத்துல கிளம்பின நெருப்பு மாதிரி சிதறி, பூமிக்கே விளக்குப் பிடிச்ச மாதிரி விழுந்தது. மாசம், நேரம், திசை, தோற்றம். வேற என்ன வேணும்?

நான் விடலை. ஸ்டெல்லேரியம் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். மார்ச் மூணாம் வாரம், நடுராத்திரி, நம்ம ஊர் வானம். உத்தரம் உச்சியைத் தாண்டுது, தென்கிழக்கு அடிவானத்தில் மூலம் தலை நீட்டுது, மேற்கே மிருகசீரிடம் இறங்கிக்கிட்டிருக்கு. அச்சு அசல். எனக்குப் புல்லரிச்சிடுச்சு. அடுத்த பங்குனியில நீங்களும் மாடிக்குப் போய்ப் பாருங்க. ராஜா செத்ததுக்கும் எரிகல்லுக்கும் சம்பந்தம் இல்லைங்கறது நமக்குத் தெரியும். ஆனா கிழார் பார்த்ததைத் தனியா எழுதிட்டார், பயந்ததைத் தனியா எழுதிட்டார். பயம் காலாவதியாயிடுச்சு. பார்த்தது அப்படியே இருக்கு. இன்னொண்ணு: அவர் "நான்" மட்டும்னு சொல்லலை. நாங்களும் மத்தவங்களும் பார்த்துக் கலங்கினோம்ங்கறார். கூட்டமா உட்கார்ந்து "நீ பார்த்தியா, நீ பார்த்தியா"ன்னு பேசிக்கிட்டிருக்காங்க. எங்க மொட்டைமாடிதான்!

சரி, ஒரே பக்கமா வாசிக்கக்கூடாது. நேரெதிர் வியாதியும் இருக்கு, அது இன்னைக்குத்தான் ஜாஸ்தி.

2022 ஏப்ரல் 2, மகாராஷ்டிராவில் குடி பாட்வா நாள், ராத்திரி எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், குஜராத்னு பல இடங்களில் வானத்தில் வரிசையா நெருப்புக் கோடுகள் போச்சு. கைப்பேசியில் எல்லாரும் எடுத்தாங்க. பத்து நிமிஷத்தில் "எரிகல் மழை"ன்னு செய்தி. சிலருக்கு ஏவுகணை, சிலருக்கு எரியற விமானம். அப்புறம் சந்திரபூர் மாவட்டத்தில் சிந்தேவாஹி பக்கம் லாட்போரி கிராமத்தில் பெரிய உலோக வளையம் ஒண்ணு கிடந்தது. எரிகல்லில் ஏதுங்க வளையம்? 2021 பிப்ரவரியில் சீனா ஏவின லாங் மார்ச் 3பி ராக்கெட்டின் மூணாவது கட்டம் திரும்பி விழுந்திருக்கணும்னு ஜொனாதன் மெக்டவல் போன்றவர்கள் சொன்னாங்க.

இதுல ஜனங்களோட வீடியோ மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை வெச்சே பதில் சொல்லியிருக்கலாம். எரிகல் எவ்வளவு மெதுவா வந்தாலும் நொடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாது. சுத்துவட்டப் பாதையிலிருந்து விழும் ராக்கெட் துண்டு 8 கிலோமீட்டரைத் தாண்டாது. அதுவும் கிட்டத்தட்ட படுக்கையா, உடைஞ்சு உடைஞ்சு, நிதானமா வானத்தைக் கடக்கும். வாயைத் திறந்து "ஏ அங்க பாரு, போனை எடு"ன்னு சொல்லி, போனை எடுத்து, கேமராவைத் திறந்து, அதுக்கப்புறமும் முழுசா வீடியோ எடுக்க முடிஞ்சதுன்னா, அது பெரும்பாலும் எரிகல் இல்லை. பார்த்தவங்க "இவ்வளவு நேரம் தெரிஞ்சது"ன்னு மட்டும் சொல்லியிருந்தா போதும். முந்திக்கிட்டு பேர் வெச்சதுதான் குழப்பம்.

நம்ம வேலூர் மாவட்டத்தில் 2016 பிப்ரவரி 6-ல் நடந்தது இன்னும் வருத்தமான கதை. ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிச்சத்தம், சின்னக் குழி, ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. ஒரு பேருந்து ஓட்டுநர் இறந்து போனார், மூணு பேருக்குக் காயம். விண்கல்தான்னு மாநில அரசே அறிவிச்சது. உலகமெல்லாம் "விண்கல் தாக்கி இறந்த முதல் மனிதர்"னு செய்தி ஓடிச்சு. வெளியான படங்களைப் பார்த்தா தரையில் நடந்த வெடிப்பு மாதிரி இருக்குன்னு நாசா விஞ்ஞானிகள் சொன்னாங்க. என்னை உறுத்தினது வேற. குழி பறிக்கிற அளவுக்கு ஒரு கல் வந்திருந்தா, வானத்தில் ஓடின நெருப்பை எத்தனை பேர் பார்த்திருக்கணும்? பகல்னா தெரியாதுன்னு சொல்லாதீங்க. 2013 பிப்ரவரி 15-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க்கில் வந்தது காலை சூரிய உதயத்துக்கு அப்புறம். சூரியனையே தோற்கடிச்ச வெளிச்சம், நூத்துக்கணக்கான கார் கேமராக்களில் பதிவாச்சு. வேலூரில் அப்படி ஒரு நெருப்பை நாலு மாவட்டத்துல பார்த்தாங்கன்னு ஒரு செய்தியும் நான் படிக்கலை. யாரும் பார்க்கலைங்கறதும் ஒரு சாட்சிதான். இறந்தவர் குடும்பத்துக்கு வேண்டியது என்ன நடந்ததுங்கற உண்மை. அதுக்குப் பதிலா ஒரு உலக சாதனைப் பட்டத்தைக் கொடுத்துட்டு எல்லாரும் அடுத்த செய்திக்குப் போய்ட்டோம். இதை எப்பவும் என்னால ஜீரணிக்க முடிஞ்சதில்லை.

செல்யாபின்ஸ்க்குன்னதும் ஒண்ணு. வெளிச்சம் வந்ததும் எல்லாரும் என்னடான்னு ஜன்னல்கிட்ட ஓடினாங்க. ஒண்ணரை, ரெண்டு நிமிஷம் கழிச்சு அதிர்ச்சி அலை வந்தது. காயம் பட்டவங்க சுமார் 1500 பேர், பெரும்பாலும் கண்ணாடிச் சில்லுதான். அதனால கண்ணைக் கூசற வெளிச்சம் பார்த்தீங்கன்னா ஜன்னலை விட்டு விலகுங்க. அத்தைக்குக் கணக்குப் போட்ட அதே 340 மீட்டர் இங்கே உயிரைக் காப்பாத்தும்.

பார்த்தா என்ன குறிக்கணும்? ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. நின்ன இடத்தை விட்டு நகராதீங்க. எது மேலே ஆரம்பிச்சது, எது மேலே மறைஞ்சதுன்னு தண்ணித் தொட்டி, தென்னை மரம், செல்போன் டவர் எதையாவது அடையாளம் வெச்சுக்கோங்க. கையை நேரா நீட்டி முஷ்டி பிடிச்சா, அகலம் சுமார் பத்து டிகிரி. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டின்னு எண்ணுங்க. மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டுன்னு சொல்லிப் பார்த்து எத்தனை நொடின்னு எழுதுங்க. ஒரு மூணு, நாலு நிமிஷம் பேசாம நின்னு சத்தம் வருதான்னு கேளுங்க. பக்கத்தில் இருக்கிறவர்கிட்ட பேசறதுக்கு முன்னாடி எழுதிடுங்க. இது முக்கியம். பேசினா நீலம் பச்சையாயிடும். சர்வதேச எரிகல் அமைப்பு இணையத்தில் படிவம் வெச்சிருக்கு, அங்கே சேர்த்துடலாம். "விழுந்தது"ன்னு எழுதாதீங்க, "மறைஞ்சது"ன்னு எழுதுங்க.

உங்க ஒரு ஆள் சாட்சி என்னத்துக்கு ஆகும்னு தோணலாம். 1992 அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை சாயந்திரம், அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களில் கால்பந்து மேட்ச். பெற்றோர் புள்ளைங்க ஆடறதை வீடியோ எடுத்துக்கிட்டிருந்தாங்க. மேலே ஒரு நெருப்பு நாற்பது நொடிக்கு மேல ஓடிச்சு. நியூயார்க் மாநிலத்தில் பீக்ஸ்கில் ஊரில் நிறுத்தியிருந்த ஒரு பழைய செவர்லே காரோட பின்பக்கத்தை 12 கிலோ கல் ஓட்டை போட்டுடுச்சு. புள்ளை கோல் போடறதை எடுக்க வந்தவங்க எடுத்த பதினாறு வீடியோக்களை வெச்சு அந்தக் கல் சூரியனைச் சுத்தின பாதையைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்கு முன்னாடி உலகத்தில் மூணே மூணு விண்கல்லுக்குத்தான் பாதை தெரியும்!

அன்னைக்கு விடிஞ்சப்புறம் நாங்க நாலு பேரும் தனித்தனியா எழுதினோம். பால்காரரையும் கூப்பிட்டு, நின்ன இடத்துலயே மறுபடி நிக்க வெச்சு, கையை நீட்டச் சொன்னேன். ரைஸ்மில் கூரைக்கு மேல ஒரு முஷ்டி. பொண்ணோட கணக்கும் அதேதான். "ரெண்டா உடைஞ்சதா அண்ணே?"ன்னு அவ கேட்கப் போனா, நான் வாயைப் பொத்திட்டேன். அவரே சொன்னார். "கடைசியில பொறி மாதிரி ஒண்ணு பிரிஞ்சு போச்சும்மா." எழுதிக்கிட்டோம். பச்சையா நீலமான்னு மட்டும் தமிழய்யாவும் நானும் இன்னும் சண்டை.

எதாவது சத்தம் கேட்டுச்சான்னும் கேட்டேன். நாலு பேருக்கும் கேட்கலை. அதையும் எழுதி வெச்சிருக்கேன்.

அத்தை பார்த்ததுக்கு என் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. களத்துமேடு. அறுவடைக் காலம், அப்ப தை மாசமா இருக்கலாம். வைக்கோல் போர் நிழல் சுத்தியது. வெளிச்சத்தோடேயே சீறல். திசைங்கற இடமும் வருஷம்ங்கற இடமும் காலி. உங்க வீட்டுல வயசானவங்க யாராவது இப்படி ஒரு ராத்திரியைச் சொல்லியிருந்தா, இன்னைக்கே போய்க் கேட்டு எழுதிக்கோங்க.

ஜெமினிட்ஸ் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 13, 14 ராத்திரி. மழை விட்டுச்சுன்னா நாங்க மாடியிலதான் இருப்போம். பாய் ரெண்டு கூடுதலா இருக்கு. காபிக்குப் பால்காரர் முன்னாடியே கேனோட மேல வந்துடறேன்னு சொல்லியிருக்கார்.